கென்யாவில் சஃபாரி: கிளம்பும் முன்பிருந்து திரும்பி வரும் வரை

சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவுதான். பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுகிறவரையும் "சஃபாரி ன்ஜெமா" என்று வாழ்த்தித்தான் அனுப்புவார்கள். நல்லபடியாகப் போய் வா என்று அர்த்தம். நாம்தான் அந்தச் சொல்லைச் சிங்கத்தோடும் ஜீப்போடும் கட்டிவிட்டோம்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஏழு நாளில் ஐந்து பூங்காக்கள். பட்டியலைப் பார்த்தபோது கொடுத்த காசுக்கு நிறைய கிடைக்கிறது என்று தோன்றியது. திரும்பி வந்து யோசித்தால் நினைவில் நின்றதெல்லாம் செம்மண் ரோடும் பெட்ரோல் பங்க் கழிப்பறைகளும்தான். இரண்டாவது முறை இடங்களைக் குறைத்து மாசாய் மாராவில் மட்டும் நான்கு இரவுகள் தங்கினேன். அப்போதுதான் காடு என்பது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் புரிந்தது. இடத்தைக் குறையுங்கள், நாளைக் கூட்டுங்கள் என்பதைத்தான் இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே வழிகாட்டி எழுத முடியாது. தான்சானியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. நான் நேரில் பார்த்த கென்யாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இடமும் நாளும்

கென்யாவின் பூங்காக்கள் ஒன்றுபோல இருக்காது. மாசாய் மாரா சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளி. சிங்கம், சிவிங்கிப்புலி (சீட்டா), சிறுத்தை (லெப்பர்ட்) மூன்றையும் பார்க்க இதைவிட நல்ல இடம் கென்யாவில் இல்லை. தெற்கே எல்லையைத் தாண்டினால் தான்சானியாவின் செரெங்கெட்டி. நடுவில் வேலி கிடையாது, விலங்குகள் தாராளமாகப் போய் வருகின்றன. மனிதர்களுக்கு மட்டும் அந்த வழி இல்லை. மாராவிலிருந்து நேராக செரெங்கெட்டிக்குள் வண்டியில் போக முடியாது. இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். "இரண்டும் பக்கத்தில்தானே" என்று வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் ஒரு முழு நாளை இழக்கிறார்கள்.

அம்போசெலி சின்னப் பூங்கா, 392 சதுர கிலோமீட்டர். அங்கே யானைதான் எல்லாம். பின்னால் 5,895 மீட்டர் உயரத்தில் கிளிமஞ்சாரோ நிற்கும். மலை இருப்பது தான்சானியாவில், அதை முழுதாகப் பார்க்கக் கிடைப்பது கென்யப் பக்கத்தில். நகுரு ஏரி காண்டாமிருகத்துக்கு. பழைய படங்களில் வரும் இளஞ்சிவப்புப் பூநாரைக் கூட்டத்தை நம்பி நகுருவுக்குப் போகாதீர்கள். ஏரியின் நீர்மட்டம் ஏறிவிட்டதால் பூநாரைகளில் பெரும்பகுதி பொகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குப் போய்விட்டது. வடக்கே சம்புரு வறண்ட நிலம். அடர்ந்த மெல்லிய கோடுகள் கொண்ட கிரேவி வரிக்குதிரையும், வலை போட்டதுபோல உடல் கொண்ட ஒட்டகச்சிவிங்கியும் அங்கே உண்டு. அது இரண்டாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

முதல் முறை போகிறவருக்கு நான் சொல்லும் திட்டம் எட்டு இரவுகள். நைரோபியில் ஒன்று, அம்போசெலியில் இரண்டு, நைவாஷா ஏரிக்கரையில் ஒன்று, மாராவில் நான்கு. அம்போசெலியிலிருந்து நேராக மாராவுக்கு ஒரே நாளில் போனால் இடுப்பு ஒடிந்துவிடும். நைவாஷா அதற்கான இடைநிறுத்தம். அங்கே படகில் போய் நீர்யானைக் கூட்டத்தைப் பார்க்கலாம். பக்கத்தில் ஹெல்ஸ் கேட் பூங்காவில் வரிக்குதிரைகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டலாம். வண்டியை விட்டு இறங்கி நடக்க அனுமதிக்கும் பூங்காக்கள் குறைவு. நாள் குறைவாக இருந்தால் அம்போசெலியை வெட்டுங்கள், மாராவை வெட்டாதீர்கள்.

நைரோபியில் அரைநாள் கையில் இருந்தால் நகரத்தை ஒட்டியே நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. 1946-இல் தொடங்கிய, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியும்.

எந்த மாதம்

சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட் என்கிற பெரிய காட்டு மான்களும் அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையைத் தேடி ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே செரெங்கெட்டி, ந்தூட்டு பக்கம் குட்டி போடும். பிறகு மேற்கே நகர்ந்து வடக்கே ஏறி, ஜூலை முதல் அக்டோபர் வரை மாராவில் மேயும். மாரா ஆற்றைக் கூட்டம் கூட்டமாகக் கடக்கும் காட்சி இந்த மாதங்களில்தான். ஆனால் அதற்குக் கால அட்டவணை கிடையாது. ஒரே கூட்டம் ஒரு நாளில் இரண்டு முறை கடக்கலாம், ஒரு வாரம் கரையிலேயே நிற்கலாம். "இந்தத் தேதியில் கிராசிங் உறுதி" என்று எந்த நிறுவனமாவது சொன்னால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

கிராசிங் பார்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியும் ஜூனும் நல்லவை. மாராவின் சிங்கங்களும் சிறுத்தைகளும் எங்கேயும் போய்விடுவதில்லை, அங்கேயேதான் இருக்கின்றன. வண்டிக் கூட்டம் குறைவு, செலவும் குறைவு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. புல் ஆளுயரம் வளர்ந்து விலங்குகளை மறைக்கும், மாராவின் கருமண்ணில் லேண்ட் குரூஸரே புதையும். நவம்பர், டிசம்பரில் சிறுமழை. பெரும்பாலும் மாலையில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும்.

பணக் கணக்கு

சஃபாரி விலை மூன்று பாகம்: வண்டி, பூங்காக் கட்டணம், தங்குமிடம். இதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்த விலையை மட்டும் பார்த்தால் எங்கே காசு போகிறது என்றே தெரியாது.

பூங்காக் கட்டணம் ஆளுக்கு, நாளுக்கு. 2024 முதல் மாராவில் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மூன்று நாள் கட்டணம் என்றால் ஜூன் 30-இல் முடிந்தால் 300 டாலர், மறுநாள் தொடங்கினால் 600. இரண்டு பேர் போகும் குடும்பத்துக்கு இந்தத் தேதி வித்தியாசத்திலேயே 600 டாலர். மற்ற பூங்காக்களின் கட்டணமும் அவ்வப்போது மாறுகிறது. அதனால் முன்பதிவு செய்யும்போது "பூங்காக் கட்டணம் உட்பட" என்ற வரி எழுத்தில் இருக்கிறதா, கட்டணம் உயர்ந்தால் யார் கட்டுவது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டிச் செலவு தலைக்கு இல்லை, வண்டிக்கு. எனக்கு வந்த விலைகளில் லேண்ட் குரூஸர், டிரைவர், டீசல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 முதல் 250 டாலர் வரை இருந்தது. இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் அதே தொகை. நான்கு பேராகச் சேர்ந்து போவதுதான் செலவுக்கும் வசதிக்கும் சரியாக வரும். ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்கும். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் தங்குமிடத்தில் பிடியுங்கள். நீங்கள் அறையில் இருக்கப்போவது இருட்டிய பிறகுதான். வண்டியில் பிடிக்காதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மாரா காப்பகத்தை ஒட்டி நபோய்ஷோ, ஓலாரே மோட்டொரோகி, மாரா நார்த் என்று கன்சர்வன்சிகள் இருக்கின்றன. நிலம் மாசாய் பழங்குடிக் குடும்பங்களுடையது. அதைக் குத்தகைக்கு எடுத்து மாதாமாதம் அவர்களுக்குப் பணம் கொடுத்து முகாம்கள் நடக்கின்றன. வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. காப்பகத்துக்குள் பாதையை விட்டு விலகக் கூடாது, இரவில் சுற்றக் கூடாது; இங்கே இரண்டும் முடியும், நடந்தும் போகலாம். விலை அதிகம்தான். நான்கு இரவுகளில் கடைசி இரண்டையாவது கன்சர்வன்சியில் கழிக்க முடிந்தால், அந்தச் செலவு முழுக்க நியாயமானது என்பது என் கருத்து.

யாரோடு போவது

என் முதல் பயணத்தில் சொன்னது லேண்ட் குரூஸர், வந்தது எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்த மினிவேன். நடு சீட்டில் இருந்த ஒரு பாட்டி பயணம் முழுக்க அடுத்தவர் தோளுக்கு மேலாகத்தான் யானையைப் பார்த்தார். கேட்க வேண்டியதை நாங்கள் முன்கூட்டியே கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: என்ன வண்டி, கூரை மேலே தூக்கித் திறக்குமா, வண்டியில் அதிகபட்சம் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் ஜன்னல் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கட்டுப்பாடு உண்டா, வண்டி பழுதானால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும்.

நிறுவனம் கென்யா டூர் ஆப்பரேட்டர்கள் சங்கமான கேட்டோவில் (KATO) உறுப்பினரா என்று அந்தச் சங்கத்தின் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். அதைவிட முக்கியம் டிரைவர் யார் என்பது. சஃபாரியில் வண்டி ஓட்டுகிறவரும் வழிகாட்டியும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கென்யாவின் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தகுதி கொடுக்கிறது. தங்கம் வாங்கியவர்கள் மிகக் குறைவு. வெள்ளி நிலை வழிகாட்டி கேளுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். நீங்கள் புல்வெளி என்று பார்க்கிற இடத்தில் அவர் மூன்று காதுகளைப் பார்ப்பார்.

அனுமதியும் ஊசியும்

கென்யாவில் விசா முறை 2024 ஜனவரியில் போய், மின்னணுப் பயண அனுமதி வந்துவிட்டது. அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், புகைப்படம், தங்குமிட முன்பதிவு, திரும்பும் டிக்கெட் வேண்டும். அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் இரட்டைக் காசு வாங்குகின்றன, முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போட்டுவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கென்யா அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அங்கீகரிக்கப்பட்ட மையங்களில்தான் போட முடியும். ஒரு மாதம் முன்பே விசாரித்து நாள் வாங்குங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

மாரா மலேரியா உள்ள பகுதி. தடுப்பு மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். ஊர் திரும்பிய பிறகும் மாத்திரையைத் தொடர வேண்டும். மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ ஆகும். வந்துவிட்டோமே என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது. திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் முதல் வேலையாக "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். காட்டு முகாமிலிருந்து நைரோபி மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோக ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் சேவை இருக்கிறது. உங்கள் காப்பீடோ பயண நிறுவனமோ அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் முதல் முறை ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துப் போகவில்லை. மாரா 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஜூலை மாதம் காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் காற்று முகத்தில் அறையும்போது ஊட்டி நினைவுக்கு வரும். ஸ்வெட்டர், அதன்மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், ஒரு குல்லாய் கட்டாயம். பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

உடை மண் நிறமாக இருந்தால் தூசி தெரியாது. அடர்நீலமும் கறுப்பும் செட்சி ஈயை இழுக்கும், தவிர்த்துவிடுங்கள். ராணுவத்தினர் போடும் புள்ளிச் சீருடைத் துணி வேண்டவே வேண்டாம், அங்கே அது சிக்கலில் மாட்டிவிடும். பிளாஸ்டிக் பை கென்யாவில் 2017 முதல் தடை; பெட்டிக்குள் துணிகளைப் பிரித்து வைக்கும் கேரி பேக்கையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் 2020 முதல் கிடையாது, ஸ்டீல் பாட்டில் ஒன்று வேண்டும். டிரோனை ஊரிலேயே விட்டுவிடுங்கள். மின்சார பிளக் இங்கிலாந்து மாதிரி சதுர மூன்று முனை, நம் சார்ஜர் நேராக நுழையாது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் மாரா போவதாக இருந்தால் பை 15 கிலோவுக்குள், சக்கரம் இல்லாத மடங்கும் பையாக இருக்க வேண்டும்.

கேமராவைவிட முதலில் பைனாகுலர் வாங்குங்கள். 8x42 என்ற அளவு போதும். ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று இல்லை. சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் பத்து விநாடியில் பைனாகுலரைக் கைமாற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கேமரா எடுத்தால் 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ். அம்போசெலியின் தூசி மாவு மாதிரி, வெளியில் லென்ஸ் மாற்றினால் உள்ளே போய்விடும். முக்காலிக்கு வண்டியில் இடம் இல்லை; ஒரு துணிப்பை கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைத் தாங்கவிடுங்கள்.

டாலர் நோட்டுகள் புதியதாக இருக்கட்டும். பழைய வரிசை நோட்டுகளைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.

வண்டிக்குள்

நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுக்கக் காலை ஆறரை வாக்கில் சூரியன் உதிக்கும், மாலை ஆறரை, ஆறே முக்காலுக்கு மறையும். முகாமிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். காலை உணவைப் பெட்டியில் கட்டித் தரச் சொல்லுங்கள். எட்டு மணிக்குச் சாப்பிட முகாமுக்குத் திரும்புகிறவர்கள் நாளின் நல்ல பகுதியைத் தட்டில் கழிக்கிறார்கள். பதினோரு மணிக்கு மேல் சிங்கமும் தூங்கும், நாமும் தூங்கலாம். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கிடக்கும். பிறகு மாலை நான்கு மணிக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புவது.

முதல் நாளே டிரைவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: "எங்களுக்குப் பட்டியல் இல்லை. நல்லதாக ஒன்று கிடைத்தால் அங்கேயே நிற்கலாம்." பெரும்பாலான பயணிகள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற 'பிக் ஃபைவ்' கணக்கை முடிக்கச் சொல்லித் துரத்துவார்கள். அந்த ஐந்து பெயரும் வேட்டைக்காரர்கள் வைத்த பட்டியல். நடந்து போய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை எவை என்ற கணக்கு. கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. பார்க்கப் போகும் நாம் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. சிவிங்கிப்புலி அதில் இல்லை, ஒட்டகச்சிவிங்கி இல்லை, கழுதைப்புலி இல்லை.

என் இரண்டாவது பயணத்தில் ஒரு காலை. கரையான் புற்றின்மேல் சிவிங்கிப்புலித் தாய் ஒன்று, கீழே புல்லில் இரண்டு குட்டிகள். நாங்கள் போனபோது ஐந்து வண்டிகள் இருந்தன. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மாரா விதி. தள்ளிக் காத்திருந்து, ஒன்று கிளம்பியதும் போய் நின்றோம். அரை மணி நேரத்தில் படம் எடுத்து முடித்த மற்றவையும் போய்விட்டன. டிரைவர் எஞ்சினை அணைத்தார். காற்றில் புல் உரசும் சத்தம் மட்டும். ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அது எழுந்தது. தூரத்தில் ஆறேழு தாம்சன் மான்கள். மான் தலை குனிந்து மேயும்போது இது நாலடி வைக்கும். மான் தலை தூக்கினால் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போதே அப்படியே நிற்கும். தோள் எலும்புகள் தோலுக்கடியில் மாறி மாறி ஏறி இறங்குவதைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டம் பதினைந்து விநாடிகூட இல்லை. மான் ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது, அவ்வளவுதான், தப்பிவிட்டது. தாய் வயிறு துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, குருவி கீச்சிடுவது போலக் குட்டிகளைக் கூப்பிட்டது. சிவிங்கிப்புலி கர்ஜிக்காது என்று படித்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. வேட்டை தோற்ற அந்தக் காலைதான் இரண்டு பயணத்திலும் எனக்குப் பிடித்தது.

காத்திருக்கும்போது பார்க்கவும் கேட்கவும் பழகுங்கள். மான்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி மேயாமல் வெறித்துப் பார்த்தால் நிச்சயம் இருக்கிறது. இம்பாலா மூக்கால் சீறும். பிணந்தின்னிக் கழுகுகள் வானத்தில் வட்டமிட்டால் தேடுகின்றன. மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் கீழே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், முறைக்குக் காத்திருக்கின்றன. வெள்ளையாகக் காய்ந்த சாணம் கழுதைப்புலியுடையது. எலும்பைக் கடித்து விழுங்குவதால் அந்தச் சுண்ணாம்பு நிறம். டிரைவரின் ரேடியோவில் வரும் சுவாஹிலிப் பெயர்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்தால் அவர் ஏன் வண்டியைத் திருப்புகிறார் என்று புரியும்: சிம்பா சிங்கம், சூயி சிறுத்தை, டூமா சிவிங்கிப்புலி, டெம்போ யானை, ட்விகா ஒட்டகச்சிவிங்கி, கிபோகோ நீர்யானை, ஃபிசி கழுதைப்புலி.

அம்போசெலியில் சதுப்பு நிலத்தோரம் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். கிளிமஞ்சாரோவிலிருந்து நிலத்தடியில் வரும் தண்ணீர் அங்கே ஊற்றெடுப்பதால், சுற்றிலும் வறண்டு கிடந்தாலும் அந்தச் சதுப்பு பச்சையாக இருக்கும். யானைகள் வயிறு வரை இறங்கி நிற்கும். வெளியே வரும்போது கீழ்ப்பாதி ஈரக் கறுப்பு, மேல்பாதி சாம்பல் தூசி. துதிக்கையால் ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி, முன்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கும். முதுகில் உண்ணிக்கொக்கு. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் தாராளமாக நுழையும், வயதைக் கணிக்க அதுவே கணக்கு. இங்குள்ள யானைக் குடும்பங்களை சிந்தியா மாஸ் என்ற ஆய்வாளர் 1972-இல் பெயரிட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார். அந்த வேலை இன்றும் நடக்கிறது. நீங்கள் பார்க்கும் யானைக்குப் பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்கூட யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆற்றங்கரையில் கிராசிங்குக்குக் காத்திருக்கும்போது ஒரு விஷயம். வில்டபீஸ்ட்கள் இறங்கத் தயாராகும்போது வண்டிகள் முண்டியடித்துக் கரைக்குப் பாய்கின்றன. வழி மறிபட்டு விலங்குகள் திரும்பிவிடுவதும் உண்டு. உங்கள் டிரைவர் நல்ல டிப்ஸை எதிர்பார்த்தே முன்னால் போவார். "பின்னாலேயே நிற்கலாம், எங்களுக்குப் பரவாயில்லை" என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் நான்கு மணி நேரம் அப்படி நின்றோம். கூட்டம் கரை விளிம்புவரை வந்து, தண்ணீரை முகர்ந்து, திரும்பிப் போய்விட்டது. வருத்தம்தான். இருந்தாலும் முதலைகள் கிடக்கும் ஆற்றில் இறங்குவதா வேண்டாமா என்று அந்த முன்வரிசை தயங்கியதைக் கிட்டத்தில் பார்த்தோம்.

வண்டிக்குள் எழுந்து நிற்கலாம், கூரைக்கு மேல் ஏறக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது, விலங்கைப் பார்த்துக் கைதட்டவோ விசில் அடிக்கவோ கூடாது. சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் கடைசி நிமிடம்வரை அடக்கிக்கொண்டிருக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த டிரைவருக்கு நேரம் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கு "குச்சிம்பா தாவா" என்று ஒரு இடக்கரடக்கல் உண்டு. மூலிகை தோண்டப் போகிறேன் என்று அர்த்தம். பெண்களும் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

முகாமில் இரவு

பெரும்பாலான முகாம்களுக்கு வேலி இல்லை. இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு நீங்களாக நடக்கக் கூடாது. அஸ்காரி என்கிற காவலர் டார்ச்சோடு வந்து கூட்டிப்போவார், அவர் வரும்வரை உள்ளேயே இருங்கள். ஆற்றோர முகாமில் நீர்யானைகள் இரவில் புல் மேயக் கரையேறும். கூடாரத்துக்கு வெளியே யாரோ அரிவாளால் புல் அறுப்பது போலச் சத்தம் கேட்டால் அதுதான். சும்மா படுத்திருங்கள். பகலில் தொல்லை குரங்குகளால். ஜிப்பை முழுக்க மூடுங்கள், தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

சைவச் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். 1896-இல் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களும் பின்னால் போன வணிகர்களும் அந்த நாட்டு உணவையே மாற்றியிருக்கிறார்கள். சப்பாத்தியும் சம்பூசாவும் சாயும் இப்போது சுவாஹிலிச் சொற்கள். லாட்ஜ்களில் சோறும் பருப்பும் பெரும்பாலும் இருக்கும், முன்பதிவிலேயே சைவம் என்று எழுதிவிடுங்கள். உள்ளூர்ச் சாப்பாட்டில் உகாலி என்ற மக்காச்சோளக் களியும் சுகுமா விகி என்ற கீரைப் பொரியலும் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஊறுகாய்ப் பாக்கெட் இருந்தால் களி இன்னும் நன்றாக இறங்கும்.

மாசாய் கிராமத்துக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்பார்கள். போவதானால் ஆளுக்கு எவ்வளவு, அது கிராமத்துக்குப் போகிறதா என்று முன்பே பேசிவிடுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். எனக்கு அந்த ஏற்பாட்டு நடனத்தைவிட, முகாமில் வேலை செய்யும் மாசாய் இளைஞர்களோடு மாடு பற்றிப் பேசியது நிறைவாக இருந்தது. வயதில் மூத்த ஆண்களை "ம்ஸே" என்று கூப்பிடுங்கள், நம்மூரில் பெரியவர் என்கிற மாதிரி.

கடைசி நாள்

டிரைவருக்கு டிப்ஸ் ஒரு வண்டிக்கு நாளுக்கு 10 முதல் 20 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாகச் செய்தவருக்கு மேலே கொடுங்கள். கடைசி நாளில் மொத்தமாக, கையில், நன்றி சொல்லிக் கொடுங்கள். முகாமில் சமையல்காரர், துப்புரவாளர், அஸ்காரி எல்லாருக்கும் சேர்த்துப் பொதுப் பெட்டி இருக்கும்.

மாரா காப்பகத்துக்குள் தங்கியிருந்தால், புறப்படும் நாளில் காலை பத்து மணிக்குள் வாயிலைத் தாண்டிவிட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் கட்டணம் கேட்பார்கள். அதற்காக எட்டு மணிவரை தூங்கிவிட்டு நேராக வாயிலுக்குப் போக வேண்டாம். பெட்டியை இரவே கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, ஆறு மணிக்குக் கிளம்பினால் இன்னும் நான்கு மணி நேரம் கையில் இருக்கிறது. நாங்கள் அன்று வாயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால்தான் பாறையில் வெயில் காயும் சிறுத்தையைப் பார்த்தோம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட்டால், இறங்கியதும் சுகாதார அதிகாரி கேட்கும்போது அது இன்னும் விமானத்தின் வயிற்றில் இருக்கும்.